கோழிக்குக் கால் விழுந்துவிட்டால்

கேள்வி: அக்கா, சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். கொல்லையில் நாலு வெடைக்கோழிகள், எல்லாம் ஐந்து மாதம். போன வாரம் கறுப்பி நொண்டினாள், இப்போது நிற்கவே முடியவில்லை, ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். எச்சம் பச்சையாக இருக்கிறது. நேற்றிலிருந்து இன்னொன்றும் நொண்டுகிறது. மாமியார் மஞ்சளும் பூண்டும் அரைத்து உருட்டிக் கொடுக்கிறார். தொற்றாக இருக்கும், நாலையும் கொன்றுவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான். முட்டை சாப்பிடலாமா?

பதில்: முதலில் கறுப்பிக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று போய்ப் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். கால் விழுந்த கோழிகளில் பல நோயால் சாவதற்கு முன்னாலேயே தாகத்தால் செத்துப்போகின்றன. எனக்கே நடந்தது. கிண்ணம் வழக்கமான இடத்தில் இருந்தது, அது படுத்திருந்தது இரண்டு சாண் தள்ளி, கண் பளிச்சென்று இருந்ததால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் தூக்கியபோது மார்பெலும்பு கத்தி முனைபோலக் கையில் குத்தியது. இன்றைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் அலகை மெதுவாகத் தண்ணீரில் தொட்டுவிடுங்கள், தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து மூக்குக்கு நேராக வையுங்கள், அடியில் உலர்ந்த துணி போட்டு அடிக்கடி மாற்றுங்கள். பச்சை எச்சத்தைப் பார்த்துப் பதறவேண்டாம், வயிறு காய்ந்த கோழியும் பித்தம் கலந்து பச்சையாகத்தான் போடும்.

நீங்கள் சொல்லும் வயதையும், கால் முன்னும் பின்னுமாக விரிந்து கிடப்பதையும் வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் மாரெக் நோய். 1907இல் ஹங்கேரி விலங்கு மருத்துவர் யோசெப் மாரெக் இதை விவரித்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஹெர்ப்பீஸ் வகைக் கிருமி நரம்புக்குள் புகுந்து தொடை நரம்பை வீங்கவைக்கிறது, பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக, அதனால்தான் அந்த விரிப்பு. சில கோழிகளுக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் சாம்பல் நிறமாகும். இறகிலிருந்து உதிரும் பொடித் தூசியில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மூச்சோடு உள்ளே போகும். மருந்து கிடையாது. பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் காப்பு, அதுகூடக் கட்டி வராமலும் கால் விழாமலும் தடுக்கும், கிருமி தொற்றுவதைத் தடுக்காது. மாமியார் கொடுக்கும் உருண்டை அந்த நரம்பைச் சரிப்படுத்தாது, விழுங்கமுடியாத கோழிக்குத் திணித்தால் மூச்சுக்குழலில் போய்விடும், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் கால் விழுந்ததெல்லாம் மாரெக் இல்லை. கழுத்து முறுக்கிக்கொள்வது, வாய் திறந்து மூச்சு வாங்குவது, வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகக் கழிவது, இதெல்லாம் சேர்ந்தால் ராணிக்கெட், நம் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்பார்களே, அதுதான். அது வேகமாகப் பரவும், நம் கண்ணையும் சிவக்கவைக்கும். கொண்டை நீலம் பாய்ந்து கோழிகள் திடீர் திடீரென்று சாய்ந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். இந்த இரண்டில் எதைச் சந்தேகித்தாலும் தாமதிக்காமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைக்குச் சொல்லவேண்டும், சொல்வது சட்டப்படியும் கடமை. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைவு, அது பெரும்பாலும் குஞ்சுகளுக்கு வருவது. முட்டையிடத் தொடங்கிய கோழி சுண்ணாம்புச்சத்து குறைந்தும் விழும். பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருக்கிறதா என்று இரண்டாவது நொண்டியைத் திருப்பிப் பாருங்கள், அது வெறும் கால் புண்ணாகக்கூட இருக்கலாம்.

நாலையும் கொல்லச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் மாரெக் என்றால் அதில் பயனில்லை. கறுப்பி விழுவதற்கு முன்பே மற்றவையும் அதே தூசியைச் சுவாசித்தாயிற்று, சுவாசித்ததெல்லாம் விழப்போவதும் இல்லை. நொண்டும் இரண்டையும் தனியே வையுங்கள், நன்றாக இருப்பவற்றுக்கு முதலில் தீனி போட்டுவிட்டுக் கடைசியாக இவர்களிடம் போங்கள், செருப்பைக் கூண்டருகிலேயே விடுங்கள். கூண்டைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். இப்போதைக்குப் புதுக்குஞ்சு வாங்கவே வேண்டாம். மைனாவும் சிட்டும் நுழையாத வலையா என்றும் பாருங்கள், தரைவீட்டில் பத்துக் கோழிவரை வைத்துக்கொள்ள இங்கே அனுமதி இருப்பதே அப்படி அடைத்து வளர்த்தால்தான்.

பிள்ளை விஷயம்: மாரெக் மனிதருக்கு வராது, முட்டை வழியாகவும் பரவாது. ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை முட்டையை ஒதுக்கிவையுங்கள், பையனைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள், எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பறவைகளைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் போன் செய்து, கூட்டிவரலாமா என்று கேட்டுவிட்டு மூடிய பெட்டியில் கொண்டுபோங்கள். கறுப்பி தானாகத் தின்ன முடியாத நிலைக்கு வந்துவிட்டால் வலியில்லாமல் போகவிடச் சொல்லிக் கேளுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அதற்குள் இறந்துபோனால் புதைக்காமல், சமைக்காமல், இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் கட்டிகள் போட்ட பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து மருத்துவரிடம் சேருங்கள். உறையவைத்தால் நரம்பைச் சரியாகப் பரிசோதிக்க முடியாது. இரண்டாவது கோழிக்கு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.