ஜீரோ விமானத்தின் பிந்தைய வகை முந்தையதைவிட எடை குறைந்ததா?

ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ சண்டை விமானத்தில், முழுச்சுமையோடு முந்தைய வகையான மாடல் 21இன் எடை 2,796 கிலோ என்றும் பிந்தைய வகையான மாடல் 52இன் எடை 2,733 கிலோ என்றும் இருப்பதால், பிந்தையதுதான் இலகுவானதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே இரண்டு எண்களை அருகருகே எழுதி, இதே முடிவுக்கு வந்து, அதைச் சபையிலும் வாசித்தவன் நான் என்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரி இறுதியாண்டில், பசிபிக் போரின் கப்பற்படை விமானங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரை வாசித்தேன். மாடல் 52 எடை குறைக்கப்பட்ட வடிவம் என்பது அதில் என் வாதம். விமானங்களை எடைபோடும் பணியிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் என் தாளை வாங்கி, 2,796 என்ற எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, "தம்பி, இந்த எடையில் விமானத்தின் அடிவயிற்றில் தொங்கும் பெட்ரோல் தொட்டியும் சேர்த்தியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் வெற்று எடையை, அதாவது விமானி, பெட்ரோல், எண்ணெய், தோட்டா எதுவும் ஏற்றாத எடையைக் கேட்டு வாங்கி, தாளின் ஓரத்திலேயே கழித்துக் காட்டினார்.

மாடல் 21இன் வெற்று எடை 1,680 கிலோ. 2,796இலிருந்து கழித்தால் 1,116 கிலோ மிஞ்சுகிறது. மாடல் 52இன் வெற்று எடை 1,876 கிலோ. 2,733இலிருந்து கழித்தால் 857 கிலோதான். விமானி, பெட்ரோல், எண்ணெய், தோட்டா ஆகியவை மட்டுமே அடங்க வேண்டிய இடத்தில் இவ்வளவு வேறுபாடு வந்தால், மாடல் 52இன் எண் வழக்கமான சுமை, மாடல் 21இன் எண் துணைத் தொட்டியும் சேர்ந்த மிகுசுமை என்று பொருள். 330 லிட்டர் கொள்ளும், பறக்கும்போதே கழற்றிவிடக்கூடிய அந்தத் துணைத் தொட்டியில் பெட்ரோல் மட்டுமே 235 கிலோவுக்குக் குறையாது. மாடல் 21இன் வழக்கமான முழுச்சுமை எடை 2,410 கிலோ. அதோடு ஒப்பிட்டால் மாடல் 52இன் எடை 323 கிலோ கூடுதல். அதில் 196 கிலோ வெற்று எடையிலேயே ஏறியது.

அந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. 940 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இருவேக சூப்பர்சார்ஜர் கொண்ட 1,130 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. 20 மில்லிமீட்டர் பீரங்கிகளின் குழல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் 60 ஆக இருந்த குண்டுகள் 100 ஆயின. இறக்கையின் முனைக்கு முனை நீளமோ 12 மீட்டரிலிருந்து 11 மீட்டராகக் குறைந்தது. ஆகவே ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கிய எடை ஏறத்தாழ 107 கிலோவிலிருந்து 128 கிலோவாக உயர்ந்தது. திரும்பும் லாவகம் குறைந்தது இதனால்தான்.

சில நூல்களில் இந்த எண்கள் சற்று மாறியிருக்கும் என்பதை அறிவேன். அதைக் காட்டி மறுப்பவர்கள், எந்தச் சுமை நிலையில் எடுத்த எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறேன். என் ஆதங்கமே அதுதான்: வண்ணப்படங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குபவர்கள், 'துணைத் தொட்டியுடன்' என்ற இரண்டு சொற்களுக்கு இடம் தருவதில்லை. எதிரணியான அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கேட் சண்டை விமானத்திலும் இதே கவனம் தேவை. அதன் முந்தைய வகையான எஃப்4எஃப்-3இல் நான்கு துப்பாக்கிகளுக்குத் தலா 450 தோட்டாக்கள், பிந்தைய வகையான எஃப்4எஃப்-4இல் ஆறு துப்பாக்கிகளுக்குத் தலா 240. துப்பாக்கிகள் கூடியதால் வெற்று எடை ஏறுகிறது; தோட்டாக்களின் மொத்தம் 1,800இலிருந்து 1,440ஆக இறங்குவதால் சுமையின் ஒரு பகுதி குறைகிறது. முழுச்சுமை எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டுமே உங்கள் கண்ணுக்குப் படாது.