சாரதி எத்தனை மணிக்கு எழும்பினார்? – ஹயர் பஸ் கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சும்மா நிற்கிற பஸ் ஒன்றைக் காண முடியாது. மாமாங்கத் தீர்த்தம், கதிர்காமம், பாடசாலைச் சுற்றுலா, நுவரெலியாக் குளிர் என்று ஹயருக்கு (வாடகைப் பயணத்துக்கு) மேல் ஹயர். பஸ் பயணப் பாதுகாப்பு பற்றி எனக்கு வந்த கேள்விகளும் அப்படித்தான் குவிந்து கிடக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் கோயில் பரிபாலன சபை நுவரெலியாவுக்கும் சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் போகப் பெரிய பஸ் ஒன்று பேசியிருக்கிறது. வெள்ளி இரவு 10 மணிக்கு வெளிக்கிட்டால் சனி விடியச் சேரலாம், ஒரு பகல் மிச்சம். "ஒரு சாரதி போதும், நல்ல பழக்கப்பட்ட ஆள்" என்கிறார் முதலாளி. நம்பலாமா? வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்?
– களுவாஞ்சிக்குடி

முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்தச் சாரதி வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார்?

நம் பகுதியில் ஹயர் ஓடும் பல பஸ்கள் வார நாட்களில் ரூட்டிலும் ஓடுகின்றன. முதல் பஸ் எடுக்கிறவர் நாலரைக்கு எழும்புவார். மாலை ஏழு மணிக்கு பஸ்ஸை விடுவார். குளித்துச் சாப்பிட்டு, பஸ்ஸைக் கழுவி, பத்து மணிக்கு உங்கள் கோயில் வாசலில் நிற்பார். செங்கலடியால் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று ஏறி நுவரெலியா போய்ச் சேர ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். விடிய மூன்று மணிக்குப் பஸ் மலை வளைவுக்குள் நிற்கும்போது அந்த மனிதர் கண் விழித்து இருபத்திரண்டரை மணித்தியாலம் ஆகியிருக்கும். உங்கள் கணக்கு பத்து மணிக்குத் தொடங்குகிறது. அவருடைய உடம்பின் கணக்கு நாலரைக்கே தொடங்கிவிட்டது.

1997இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகின்றன. 24 மணித்தியாலம் ஆனால் 0.10 சதவீதம். குடித்துவிட்டு வந்த சாரதியைக் கண்டால் சபைத் தலைவர் பஸ்ஸில் கால் வைப்பாரா? நித்திரை கெட்டவரின் வாயில் மணம் வராது, அதுதான் வித்தியாசம்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு 9 மணித்தியால ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவில் பயணிகள் பஸ் ஓட்டுபவர் தொடர்ந்து 8 மணித்தியாலம் ஓய்ந்திருந்தால்தான் அடுத்த 10 மணித்தியாலம் ஓட்டலாம். வேலையில் இருந்த நேரம் 15 மணித்தியாலம் ஆகிவிட்டால், அதில் பாதி நேரம் பஸ்ஸோடு சும்மா காத்திருந்தாலும், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சும்மா காத்திருப்பதும் வேலைதான் என்று எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நம்மவர்கள் "கோயில்ல அஞ்சு மணித்தியாலம் சும்மாதானே நிண்டவர்" என்பார்கள். தகரம் கொதிக்கிற வெயிலில், ஆட்கள் ஏறி இறங்கிக் கதவடிக்கிற பஸ்ஸுக்குள் படுத்தால் நித்திரை வருமா?

உங்களுக்கு நான் சொல்லும் நேர அட்டவணை இது. சாரதிக்கு வெள்ளி மத்தியானத்தோடு ரூட் வேலை முடிய வேண்டும். சனி காலை ஐந்துக்கு வெளிக்கிடுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு மகாஓயா அல்லது பிபிலை, பிறகு பதுளையில் ஒரு நிறுத்தம். மத்தியானம் நுவரெலியா. அன்றிரவு எப்படியும் அறை எடுக்கத்தானே போகிறீர்கள்? சாரதிக்கும் கொண்டக்டருக்கும் கட்டிலோடு ஓர் இடம் அதில் சேரட்டும். ஞாயிறு காலை ஒன்பதுக்குத் திரும்பினால் இறக்கமெல்லாம் பகலிலேயே முடிந்துவிடும், மாலைக்குள் வீடு. சபைக்கு நட்டம் சனி காலைப் பொழுது மட்டும்.

இரவில்தான் போவோம் என்று நின்றால் இரண்டு சாரதிகள் வேண்டும். இரண்டாமவர் முன் சீட்டில் இருந்து கதைத்துக்கொண்டு வந்தால் அவர் சாரதி இல்லை, இன்னொரு பயணி. பின்னால் நீட்டிப் படுக்க அவருக்கு இடம் விடுங்கள்.

நித்திரை வந்தால் வெற்றிலை போடுவேன், முகம் கழுவுவேன், பாட்டைக் கூட்டி வைப்பேன். வேறு வழி உண்டா?
– காத்தான்குடி, சாரதி

இந்த மூன்றையும் நானும் செய்தவன்தான் தம்பி. 2011 ஆடியில் கதிர்காமத் தீர்த்தம் முடித்துத் திரும்பி வந்தேன். மொனராகலை தாண்டி, லகுகல காட்டுக்குள் விடியற்காலை. வெற்றிலை வாயில்தான் இருந்தது, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது டயர் கிரவலில் ஏறிய சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன். குனிந்து பார்த்தால் வெற்றிலை வாயிலிருந்து விழுந்து சேட்டெல்லாம் சிவந்து கிடந்தது. அது விழுந்ததே எனக்குத் தெரியாது. பின்னால் நாற்பது பேர் நித்திரை.

60 கிலோமீற்றர் வேகத்தில் பஸ் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் போகும். நாலு செக்கன் கண் மூடினால் 66 மீற்றர், ஓட்ட ஆளில்லாமல்.

வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. வெளிச்சம் உள்ள பெற்றோல் செட்டிலோ கடை வாசலிலோ நிறுத்துங்கள். ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். கோப்பி உடம்பில் ஏற இருபது முப்பது நிமிடம் எடுக்கும், அதற்குள் ஒரு குட்டி நித்திரை. எழும்பியதும் சாவியைத் திருப்ப வேண்டாம், பஸ்ஸைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு ஏறுங்கள். இது வீடு போய்ச் சேர ஒரு தடவைக்கு உதவும். ஓர் இரவு நித்திரைக்கு ஈடாகாது. விடியப்புறம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் இன்னும் கவனம்.

தடிமனுக்கு பிரிட்டோன் போட்டுக்கொண்டு ஓடலாமா?
– ஏறாவூர்

கூடாது. அது நித்திரை வரவைக்கிற குளிசை. மருந்துக் கடையில் கேட்கும்போதே "நான் பஸ் ஓட்டுகிறவன்" என்று சொல்லுங்கள், நித்திரை குறைவாகத் தருகிற வேறு மருந்து இருக்கிறது.

கண்டியால் வரும்போது மகியங்கனை 18 வளைவால் இறக்கினேன். பிரேக் கருகிய மணம் வந்தது. கராஜ் பாஸ் (மெக்கானிக்) பார்த்துவிட்டுப் பிரேக்கில் பிழை இல்லை என்கிறார். அப்படியானால் ஏன் மணந்தது?
– கல்முனை, சாரதி

பாஸ் சொன்னது சரியாக இருக்கலாம். பிழை காலில் இருந்திருக்கும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் கிழக்குக்காரர். மலைநாட்டுக்கு எந்த வழியால் போனாலும் போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். உன்னஸ்கிரியவிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு, பசறையிலிருந்து பிபிலைக்கு வரும் பாதை, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு விழுகிற பாதை, மூன்றும் நமக்கு வீடு திரும்பும் வழியில்தான் இறக்கம். ஆள் களைத்திருக்கும் நேரம், சாமான் கூடியிருக்கும் நேரம், "கெதியா விடுங்கண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வரும் நேரமும் அதுதான். 2021 மார்ச்சில் பசறையில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸையும், 2025 செப்டம்பர் 4இல் சுற்றுலா முடிந்து திரும்பும்போது எல்ல – வெல்லவாய வீதியில் விழுந்து 15 பேரைப் பலி கொண்ட பஸ்ஸையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மிதித்த காலை எடுக்காமல் இறக்கினால் சில்லோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறும். அதை உரசிப் பிடிக்கும் லைனிங் சூட்டில் பிடியை விடும். மிதிப்பீர்கள், பஸ் கேட்காது. காற்று பிரேக் என்றால், விட்டு விட்டு மிதிக்க மிதிக்கத் தாங்கியில் காற்றும் இறங்கும். ஆறியபின் கராஜில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பாஸுக்கு என்ன தெரியும்?

இறக்கம் தொடங்குமுன், தட்டையான இடத்திலேயே கியரைக் குறையுங்கள். எந்தக் கியரில் ஏறுமோ அதற்கு மேல் இறங்கும்போது போகாதீர்கள். எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸ்சோஸ்ட் பிரேக்கைப் போட்டு விடுங்கள். எஞ்சின்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கால் பிரேக் அதற்குத் துணை. வேகம் கூடினால் ஒரு தடவை நன்றாக அழுத்தி 10 கிலோமீற்றர் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவரைப் பற்றி நான் பேச விரும்பவில்லை, அவரோடு பஸ்ஸில் ஏறவும் மாட்டேன்.

மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, தானாக ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிரம்மில் வெடிப்பு விழும்.

அதிகாலையில் பஸ் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை?
– வாழைச்சேனை, முதலாளி

கால் மணித்தியாலம் போதும், ஆனால் டோர்ச் வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏறியதும் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். காற்றழுத்தம் காட்டும் ஊசி கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ எங்காவது "உஸ்" என்று கேட்டாலோ அந்தப் பஸ் இன்று போகாது. காற்றுத் தாங்கியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள். நாம் கடற்கரைக்காரர், ஈரக் காற்று, தேத்தண்ணி நிறத்தில் துருவோடு வரும். அதை விடாமல் வைத்தால் வால்வுகளைத் தின்றுவிடும்.

சில்லு நட்டுகளில் டோர்ச் அடியுங்கள். நட்டிலிருந்து துருக் கோடு ஒன்று வெளியே ஓடியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது. டயரின் பக்கத்தில் டிஓடி (DOT) எழுத்துகளைத் தொடர்ந்து கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மேலே உள்ள பூ வெட்டு நன்றாக இருக்கிறதே என்று கிழட்டு டயரைப் போடாதீர்கள். மேல்தோல் ஒட்டிப் புதுப்பித்ததை முன் சில்லுக்கு ஒருபோதும் வேண்டாம்.

முன் கண்ணாடியில் தொங்கும் மாலை, பொம்மை, கலர் லைட் எல்லாம் கழற்றுங்கள். சாமிப் படம் ஒன்று ஓரமாக இருந்தால் போதும், சாமி கோபிக்காது.

மகளின் பாடசாலைச் சுற்றுலா. பெற்றோராக நாங்கள் எதைக் கேட்கலாம்?
– அக்கரைப்பற்று, ஒரு தாய்

தங்கச்சி, வெட்கப்படாமல் கேளுங்கள். சாரதியின் லைசன்ஸில் என்ன வகுப்பு இருக்கிறது? 33 ஆசனம் வரையுள்ள கோஸ்டர், ரோசா வகைக்கு டி1, அதற்கு மேல் டி வேண்டும். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் திகதி முடியாமல் இருக்கின்றனவா? ரூட் பஸ் தன் பாதையை விட்டு ஹயர் போவதென்றால் அதற்குத் தனி அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

பிறகு பஸ்ஸுக்குள் ஏறிப் பாருங்கள். நடுவில் ஸ்டூல் போட்டிருந்தால் இறக்கச் சொல்லுங்கள். அவசரக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சுற்றுலாவில் அந்தக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டை, கிடாரம், அதன் மேல் காஸ் சிலிண்டர். சமைத்துச் சாப்பிட்டால் செலவு குறையும்தான். காஸும் மண்ணெண்ணெயும் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் வரக் கூடாது. சோற்றுப் பார்சல் கட்டுங்கள், முதல் நேரத்துக்கு அது போதும்.

1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் பொறுப்பாசிரியரின் போனில் பதியச் சொல்லுங்கள்.

மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் பெரிய பஸ் போகலாம்தானே?
– சம்மாந்துறை

காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 26இல் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அங்கேதான் வெள்ளத்தில் புரண்டது. உழவு இயந்திரத்தின் சில்லு எவ்வளவு உயரம் என்று யோசியுங்கள்.

ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். பஸ்ஸின் நீளமான பக்கம் அதற்குப் பாய் மாதிரி. தார் கரைந்து போயிருந்தால் மேலிருந்து தெரியாது. வீதியோரக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

புணானைப் பக்கம் இரவில் யானை நின்றால்?
– ஓட்டமாவடி

நூறு மீற்றருக்கு அப்பாலேயே நில்லுங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டைக் குறையுங்கள், ஒருவரும் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். வெலிக்கந்தை, மனம்பிட்டிய வரைக்கும் இதே கதைதான். அந்தப் பாதையில் மெதுவாகப் போக யானை மட்டும் காரணமில்லை. 2023 ஜூலை 9 இரவு மனம்பிட்டியில் பாலத்தோடு மோதி ஆற்றுக்குள் விழுந்த பஸ்ஸில் 10 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள்.

என் கணவர் ஹயர் முடிந்து விடிய மூன்று மணிக்கு வருவார். ஆறு மணிக்கே அடுத்த ஹயருக்குப் போன் வரும். எழும்பிக் கதைத்தால் பிறகு படுக்க மாட்டார். நான் என்ன செய்ய?
– திருக்கோவில்

போனை நீங்கள் எடுங்கள். "படுத்திருக்கிறார், பன்னிரண்டு மணிக்குப் பிறகு எடுங்க" என்று சொன்னால் ஹயர் ஓடிவிடாது. ஓடினால் அது இரவு ஹயராகத்தான் இருக்கும். அறை யன்னலுக்குக் கறுப்புத் துணி ஒன்று, காற்றாடி, பிள்ளைகள் விளையாட அடுத்த வீடு. வந்தவுடன் சோறும் கறியும் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், இரண்டு பாண் துண்டும் இஞ்சித் தேத்தண்ணியும் போதும், சீனி குறைவாக. பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் எழுதி வையுங்கள். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைந்த நாளுக்குச் சிவப்புப் பேனை. அடுத்த தடவை முதலாளி வீட்டுக்கு வரும்போது, தேத்தண்ணியோடு அந்தக் கலண்டரையும் முன்னால் வையுங்கள்.