"தாராளமாக வாங்குங்கள் அக்கா" என்று எதை நம்பிச் சொன்னீர்கள்?

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி நடத்துகிறேன். வயது 41. அப்பா ஆரம்பித்தது. கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 46 பேர் வேலை செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து எங்களுக்கு வேலை தரும் எக்ஸ்போர்ட்டரின் ஆர்டர் பாதியாகிவிட்டது. கையில் இருக்கும் வேலை அக்டோபர் முதல் வாரத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றில், முதலாளியின் முகம் வாடினால் கம்பெனியே வாடிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அண்டார்டிகாவில் கப்பலை இழந்தும் நம்பிக்கை இழக்காத ஷாக்கிள்டனை உதாரணம் காட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறேன், பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்கிறேன். நேற்றுகூட, அப்பா காலத்திலிருந்து பதினாறு வருடமாகச் செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர், மகளை நர்சிங்கில் சேர்க்க மகளிர் குழுவில் 80 ஆயிரம் கடன் வாங்கலாமா என்று கேட்டார். "தாராளமாக வாங்குங்கள் அக்கா, தீபாவளிக்கு அப்புறம் ஓவர்டைமே வரும்" என்று தெம்பு சொல்லி அனுப்பினேன். ஆனால் இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மனைவி பயந்துவிடுவாள் என்று அவளிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு, வெளியே நம்பிக்கையான தலைவனாக எப்படித் தொடர்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் இந்த மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. தலைமை ஆசிரியர்கள், சூப்பர்வைசர்கள், வீட்டுக்கு மூத்த பிள்ளைகள் எனப் பலரும் தூக்கம் போய்விட்டதைச் சொல்லி, தெம்பைக் காப்பாற்ற வழி கேட்கிறார்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்த அக்காவின் தூக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கையில் இருக்கும் வேலை அக்டோபர் முதல் வாரத்தோடு முடிகிறது என்று எழுதிய அதே கையால், நான்கைந்து வரிகளுக்குப் பிறகு, தீபாவளிக்கு அப்புறம் ஓவர்டைம் வரும் என்று அவரிடம் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. வேலை முடியும் நாளுக்கும் அதற்கும் நடுவே இரண்டு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்கே உங்களிடம் துணி இல்லை. அதற்கு அப்புறமும் வேலை உண்டு என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? எக்ஸ்போர்ட்டரின் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல் உங்கள் கைக்கு வந்தபோது சந்தேகமாக இருந்தது. உங்கள் வாயிலிருந்து அந்த அக்காவின் காதுக்குப் போனபோது ஓவர்டைமாக மாறிவிட்டது. அதற்குத் தெம்பூட்டுவது என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பொய் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அவர் ஏன் உங்களிடம் வந்து கேட்டார் என்று யோசித்தீர்களா? கடன் தருவது நீங்கள் இல்லை, குழு. படிக்கப்போவது அவருடைய மகள். ஆனாலும் உங்களிடம் வந்து நின்றார். தனக்கு எத்தனை மாதம் வேலை இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியும். கூச்சத்தில் அதை நேராகக் கேட்காமல், கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். பதினாறு வருடமாகப் பீஸைப் புரட்டிப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் எடுத்துத் தனியே வைக்கிற பெண்மணி அவர். உங்கள் சொல்லை மட்டும் புரட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், ஏனென்றால் உங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டின் சொல்லை நம்பிப் பழகியவர்.

குழுக் கடன் எப்படி நடக்கும் என்பது திருப்பூரில் தொழில் செய்யும் உங்களுக்குத் தெரியாததில்லை. பணம் வாங்கிய கொஞ்ச நாளிலேயே தவணை தொடங்கிவிடும். ஒருவரால் கட்ட முடியாவிட்டால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டிவரும், அவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். அந்த மற்ற பெண்களில் எத்தனை பேர் உங்கள் கம்பெனியிலேயே தையல்காரருக்குத் துணையான கைமடியாகவும் நூல் பிசிர் வெட்டவும் வருகிறார்கள் என்று விசாரித்தீர்களா? வேலை நின்றால் அத்தனை பேருக்கும் ஒரே சனிக்கிழமையில்தான் நிற்கும். அன்றைக்கு யாருக்காக யார் கட்டுவார்கள்?

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்காவின் கணவர் திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தார். நொய்யலில் கலந்த கழிவுநீருக்காக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த ஆற்றை நம்பி ஒரத்துப்பாளையம் வரைக்கும் விவசாயம் செய்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. என் அத்தானும் சுத்திகரிப்பு செய்தாக வேண்டும் என்பதை மறுத்தவர் இல்லை. அவர் செய்த தவறு வேறு. தன்னிடம் வேலை பார்த்த பத்தொன்பது பேரிடமும் வாராவாரம், "அடுத்த வாரம் திறந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். அவர் சொல்லை நம்பி அவர்களும் வாடகை வீட்டிலேயே காத்திருந்தார்கள்.

வைகாசி மாதத்தில் ஒருநாள், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவர் அத்தான் வீட்டு வாசலுக்கு வந்தார். மூன்று மாத வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் அவருடைய பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணை ஓரமாக நின்றவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சாயம் ஏறி நீலமாகவே போயிருந்த விரல் நகங்களைப் பார்த்தபடி, "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஊருக்குப் போயி ஆட்டையாவது மேச்சிருப்பேனுங்க" என்றார். கோபம் இல்லை, குரல் கூட உயரவில்லை. என் அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அத்தான் அதன் பிறகு கடனெல்லாம் அடைத்து வேறு தொழில் செய்து நன்றாகத்தான் இருந்தார். ஆனால் தான் இருந்த வரைக்கும் அந்த ஒரு வாக்கியத்தை வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது சொல்லிவிடுவார்.

பயிற்சி வகுப்பில் ஷாக்கிள்டனைச் சொன்னார்கள் என்றீர்கள். அவரை உதாரணம் காட்டியதில் தவறில்லை, முழுக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். 1915 அக்டோபர் 27 அன்று, பனிக்கட்டிகள் நெருக்கி நொறுக்கிய கப்பலைக் கைவிட்டுவிட்டு 28 பேரும் பனியின் மேல் இறங்கினார்கள். கப்பல் சரியாகிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் போய்விட்டது, இனி வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னார். சுமையைக் குறைக்க ஆளுக்கு 2 பவுண்டு எடைக்கு மேல் சொந்தப் பொருள் கூடாது என்று விதித்தபோது, தன்னிடம் இருந்த தங்க நாணயங்களை எல்லார் கண்ணெதிரிலும் பனியில் எறிந்தார். ஒருவர் வைத்திருந்த பாஞ்சோ என்ற இசைக்கருவியை மட்டும், அது எடை மிகுந்ததாக இருந்தும், மனதுக்கு மருந்து என்று எடுத்துவரச் சொன்னார். அந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அவரிடம் நீங்கள் கற்றுக்கொண்டது சிரித்த முகத்தை மட்டும்தான். உண்மையை முதலில் சொன்னதையும், இழப்பைத் தன் கையிலிருந்து தொடங்கியதையும் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தெம்பு யாருக்குப் பயன்படுகிறது? காலையில் சிரித்துப் பேசும்போது உங்களுக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கிறது, எதிரில் இருப்பவர் சிரிக்கும்போது நீங்களே நம்ப ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்த இதத்துக்கு விலை கொடுப்பது அவர்கள். 80 ஆயிரம் ரூபாய் கொடுத்து அந்த அக்கா உங்களுக்கு ஒரு நல்ல காலைப்பொழுதை வாங்கித் தந்திருக்கிறார். நம்பிக்கையுள்ள தலைவன் என்று நான் மதிப்பது, கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று கூட உட்கார்ந்து கணக்குப் போடுகிறவரை. அப்போது முகம் வாடியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் அந்த அக்காவுக்குச் சொல்ல உங்களிடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா என்று கேட்டிருக்கலாம். அப்படியென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வரும். வங்கியில் 4 லட்சம் வரை பிணையம் கேட்காமல் கல்விக் கடன் கொடுக்கும் வழி இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. அடுத்த மாதமே தவணை கேட்கும் கடனுக்கும், பெண் வேலைக்குப் போன பிறகு கட்டத் தொடங்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம், கணக்கு வழக்கு தெரிந்த உங்களுக்குப் புரியும், வங்கி மேலாளர் முன்னால் உட்காரவே தயங்கும் அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் புரியும். படிப்பைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் பெண் நர்சாக வேண்டும். அவளுடைய தாய் குழுக்காரர்களுக்குப் பயந்து ஒளிய வேண்டியிராமல் ஆக வேண்டும்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நானும் நீட்டவில்லை, ஆனால் இது எனக்கு உறுதியான கருத்து: வீட்டில் மறைக்கிறவர் கம்பெனியிலும் மறைப்பார். அவர் பயந்துவிடுவார் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது. இன்று இரவு பாஸ்புக், கடன் தவணை, அடகு ரசீது, எல்லாவற்றையும் அவர் முன்னால் எடுத்து வையுங்கள். எந்தச் செலவை நிறுத்தலாம் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டில் எது முதலில் குறையப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு கம்பெனிக்குப் போங்கள்.

வருகிற சனிக்கிழமை, சம்பளக் கவரைக் கொடுப்பதற்கு முன்னால் 46 பேரையும் உட்கார வையுங்கள். இந்த வரி ஆகஸ்ட் 27 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்ததும், திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவதும் அவர்கள் ஏற்கெனவே பேசிக்கொள்ளும் செய்திதான். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் கணக்கு. எத்தனை பீஸ் பாக்கி, எந்தத் தேதியோடு முடிகிறது, எத்தனை வாரத்துக்குச் சம்பளம் கொடுக்க உங்களால் முடியும் என்று எண்ணாகச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன் என்று சொல்ல முடிகிற நிலையில் போய் நில்லுங்கள். உள்நாட்டு மார்க்கெட்டுக்குத் தைக்கும் வேலை தேடுகிறீர்கள் என்றால் யாரிடம் பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருக்கிற வேலையைச் சிலரை நிறுத்திவிட்டுச் சிலருக்குக் கொடுப்பதா, எல்லாரும் நாளைக் குறைத்துப் பகிர்ந்துகொள்வதா என்று அவர்களையே கேளுங்கள். வேறு கம்பெனியில் வேலை கிடைத்துப் போகிறவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள்; ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு என்பதையும் நீங்களே சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிலர் அழுவார்கள். ஒருவராவது கோபமாகப் பேசுவார். நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள்.

ஆனால் அந்த அக்காவிடம் பேசுவதற்குச் சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. கூட்டத்தில் அவரும் ஒருவராக உட்கார்ந்து இதைக் கேட்கக் கூடாது. நாளைக் காலையில், மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், அவர் வேலை செய்யும் செக்கிங் டேபிளுக்கே போய், "அக்கா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என்னிடம் ஆர்டர் இல்லை" என்று சொல்லுங்கள். குழுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, கல்விக் கடன் விண்ணப்பத்துக்கு வங்கிக்கு நீங்களே கூடப் போய் உட்காருங்கள். பணம் வந்து கல்லூரிக்குக் கட்டியாகிவிட்டது என்றால், அவருக்கு உங்களிடமோ வேறெங்கோ நிலையான வேலை அமையும்வரை ஒவ்வொரு தவணையும் உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டும். அக்கா என்று கூப்பிட்டவர் நீங்கள்.