தளபதி வந்த கதிரை

ஐயா வணக்கம்,

முன்னாள் இராணுவத் தளபதி நளின் செனவிரத்ன வடக்கு–கிழக்கின் முதல் ஆளுநராக வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சண்டை நடத்தியவரையே எங்களை ஆள அனுப்பினார்கள், அவ்வளவுதானே கதை? சிவில் ஆள் ஒருவர் வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். அந்த நாளில் மாகாண சபையில் எழுதுவினைஞராக இருந்த என் பெரியப்பாவும் இதைத்தான் சொல்வார்.

ம., உப்புவெளி

அன்புள்ள ம.,

பெரியப்பாவின் கோபம் நியாயமானது. செனவிரத்ன 1985 முதல் 1988 வரை தளபதி. 1987இல் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் புலிகளுக்கு எதிராக நடந்த இராணுவ நடவடிக்கை அவர் காலத்தில்தான். அடுத்த வருடமே, இந்திய அமைதிப்படை இங்கே நிற்கும்போதே, அவரை ஆளுநராக்கினார் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன. தமிழர் மனம் நோகும் என்று தெரியாமல் செய்த நியமனம் என்று என்னால் நம்பமுடியாது.

ஆனால் சிவில் ஆள் வந்தால் மாறியிருக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. பிற்பாடு நடிகர் காமினி பொன்சேகா அதே பதவிக்கு வந்தார். அவருக்குப் பின் மறுபடி ஓர் இராணுவ அதிகாரி, மேஜர் ஜெனரல் அசோக ஜயவர்தன. யார் வந்தாலும் அதிகாரம் அதேதான். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தை எடுத்து 32ஆம் பிரிவைப் பாருங்கள். மாகாண உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநர் கையில். மூதூரில் ஓர் எழுதுவினைஞருக்கு இடமாற்றம் வேண்டுமென்றாலும் அதிகாரத்தின் நுனி திருகோணமலை உவர்மலையில், ஆளுநர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்த ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அவர் விரும்பும்வரைதான் பதவி. எங்கள் வாக்குக்கு அதில் இடமே இல்லை.

சபை இருந்தபோதாவது ஒரு முதலமைச்சர் எதிரே இருந்து வாதாடினார். 1990 மார்ச் 1இல் அந்த முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் தனி ஈழப் பிரகடனத் தீர்மானம் கொண்டுவந்தார், அதே மாதம் அமைதிப்படை கப்பலேறியது, பிறகு சபையும் கலைக்கப்பட்டது. அதன்பின் 2006இல் உயர் நீதிமன்றம் வடக்கு–கிழக்கு இணைப்பைச் செல்லாதென்று தீர்க்கும்வரை தேர்தலே இல்லை. முழு மாகாணமும் ஆளுநர் கையெழுத்தில் ஓடியது. பிரிந்தபின் வந்த கிழக்கு மாகாண சபையின் காலமும் 2017 செப்டெம்பரில் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. இதற்குத்தான் நாங்கள் கோபப்படவேண்டும், இன்றைக்கும்.

செனவிரத்னவின் போர்க்காலத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆளுநராக அவர் எதில் கையெழுத்திட்டார், எதைத் திருப்பி அனுப்பினார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. பெரியப்பாவிடம் அதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். 1990 மார்ச்சுக்குப் பிறகு கோப்புகள் யாரிடம் போயின என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.