நீட் மூணாவது அட்டெம்ப்ட் வேணாம்மா, பொண்ண லேபுக்கு விடுங்க

பெரம்பூர்லேர்ந்து வந்த ஒரு அம்மாவுக்கு சொன்னதை இங்கயும் எழுதறேன். பொண்ணு ரெண்டு தடவை நீட் எழுதியாச்சு, சீட் இல்ல, வீட்டை அடமானம் வெச்சாவது மேனேஜ்மெண்ட்ல எம்பிபிஎஸ் சேருங்கன்னு மச்சினர் நெருக்கறாராம். கவலைப்படாதீங்க, வழி இருக்கும்மா. ஆனா ஒண்ணு, வட்டி கட்டப்போறது அவர் இல்ல, நீங்க. பொண்ணுகிட்ட தனியா பேசினேன், பேஷண்ட் பாக்க ஆசையில்ல சார், ரத்தத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் ஆசைன்னு தெளிவா சொன்னா. அப்புறம் என்ன?

நர்சிங், பார்மசி, என்ஜினியரிங் எல்லாம் சொந்தக்காரங்களே சொல்வாங்க, விடுங்க. யாரும் சொல்லாதது லேபுல செல், அதாவது உயிரணு, பிரிக்கிற வேலை. ரத்தத்துல எத்தனையோ வகை செல் கலந்து கெடக்கு, அதுல நமக்கு டி செல், அதாவது நோயை எதிர்க்கிற வெள்ளை அணுல ஒரு வகை, மட்டும் வேணும்னு வைங்க. அந்த செல்லோட மேல்பரப்புல இருக்கற புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிங்கற இன்னொரு புரதத்துல சுமார் 50 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகளை ஒட்டி கலந்து, குளிர்ச்சியில கொஞ்ச நேரம் வெச்சு, காந்தத்துக்கு நடுவுல இருக்கற சின்ன குழாய் வழியா விடுவாங்க. துகள் ஒட்டின செல் உள்ளயே நிக்கும், மத்தது வழிஞ்சு போயிடும். குழாயை காந்தத்துலேர்ந்து எடுத்து பஃபர்ங்கற, செல்லை கெடுக்காத கரைசலை ஊத்தி தள்ளினா வேணுங்கற செல் உயிரோட வெளிய வந்துடும். சில சமயம் தலைகீழாவும் செய்வாங்க, வேணாத செல்லுக்கெல்லாம் துகள் ஒட்டிட்டு வேணுங்கறதை தொடாமலே எடுத்துடுவாங்க. செல் கட்டிக்கிட்டாலோ குமிழி வந்தாலோ குழாய் அடைச்சுக்கும், அதனால பொறுமையும் சுத்தமான கையும் வேணும், இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் இருக்கு.

ஜெர்மனியில மில்டெனிங்கற ஆராய்ச்சியாளரோட குழு 1990ல வெளியிட்ட முறை இது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு சிடி34ங்கற புரதம் மேல இருக்கற ஸ்டெம் செல்லை, அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கற மூல செல்லை, பிரிக்கவும், கார்-டி சிகிச்சைக்கு, அதாவது நோயாளியோட டி செல்லையே மாத்தி புற்றுநோயை தாக்க வைக்கிற சிகிச்சைக்கு, டி செல் எடுக்கவும் உதவுது. நம்ம நாட்டுலயே உருவான கார்-டி மருந்துக்கு 2023ல அனுமதி கிடைச்சாச்சு.

சம்பளம் பத்தி மழுப்ப மாட்டேன், பி.எஸ்சி.யோட நின்னா கம்மிதான். அரசு இல்ல எய்டட் காலேஜ்ல பயோடெக்னாலஜியோ மைக்ரோபயாலஜியோ படிக்கட்டும், அதுக்கு நீட் வேணாம், பீஸும் தாங்கும். அப்புறம் ஜிஏடி-பிங்கற பயோடெக்னாலஜி மேல்படிப்பு நுழைவுத்தேர்வு எழுதினா ஸ்டைபண்டோட எம்.எஸ்சி. சீட்டுக்கு வழி இருக்கு.

காலேஜ் பாக்கப் போனா செல் கல்ச்சர், அதாவது லேபுல செல் வளர்க்கறதை, பிள்ளைங்களே கைவெச்சு பண்றாங்களா, இல்ல கண்ணாடிக்கு வெளிய நிக்கறாங்களான்னு மூணாவது வருஷப் பசங்ககிட்ட கேளுங்க. ஆபீஸ்ல கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் சொல்வாங்க.