டிரங்கன் மாஸ்டர்: 1978-க்கும் 1994-க்கும் நடுவே (கேள்வி பதில்)

ஜாக்கி சானின் ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978), ‘டிரங்கன் மாஸ்டர் 2’ (1994) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். இரண்டு படங்களின் கடைசிக் காட்சி வரை பேசியிருக்கிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரீல்பெட்டி: அண்ணா, இரண்டாம் பாகம்னு தேடினா மூணு நாலு படம் வருது. எது அசல்?

குழப்பம் நியாயம்தான். முதல் படம் ஓடிய ஓட்டத்தில், அதே இயக்குநர் யூவன் வூ-பிங் 1979-இல் ‘டான்ஸ் ஆஃப் த டிரங்க் மேன்டிஸ்’ எடுத்தார். அதை இரண்டாம் பாகம் என்று சில இடங்களில் விற்றார்கள். குடிகார குருவாக அதே கிழவர் வருவார், ஜாக்கி இருக்க மாட்டார். 1994-லேயே ‘டிரங்கன் மாஸ்டர் 3’ என்று இன்னொன்றும் வந்தது. அதிலும் ஜாக்கி இல்லை. ‘த லெஜண்ட் ஆஃப் டிரங்கன் மாஸ்டர்’ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது 1994 படம்தான். 2000-இல் அமெரிக்காவில் ஆங்கிலக் குரலும் புது இசையும் சேர்த்து வெளியிட்ட வடிவம். அனிதா முய் பெயர் நடிகர் பட்டியலில் இருந்தால் சரியான படம்.

நடுநிசி: முதல் படத்தைப் பார்க்காமல் இரண்டாவதைப் பார்த்தால் புரியுமா?

தாராளமாக. கதைத் தொடர்ச்சி என்று ஒன்றுமே கிடையாது. நாயகன் பெயர் வோங் ஃபெய்-ஹுங், அப்பா வோங் கெய்-யிங், பையனுக்குக் குடிகாரக் குத்து தெரியும். இவ்வளவுதான் பொது. முதல் படத்து வில்லனைப் பற்றியோ குருவைப் பற்றியோ இரண்டாவதில் ஒரு வார்த்தை வராது. குருவாக நடித்த யூவன் சியு-தியென், அதாவது இயக்குநரின் அப்பா, முதல் படம் வந்த சில மாதங்களிலேயே காலமாகிவிட்டார். வேறு ஒருவரை அந்த வேடத்தில் போட்டு ஒப்பேற்றாமல் விட்டது நல்லதுதான்.

ஆனால் கருத்தளவில் இரண்டாவது படம் முதல் படத்துக்குப் பதில் சொல்கிறது. ‘குடித்தால் பலம்’ என்றது 1978. ‘எவ்வளவு குடித்தால்?’ என்று கேட்கிறது 1994. சாராயம் பற்றிய கேள்வி கீழே வருகிறது, அங்கே விரிவாக.

பச்சை மிளகாய்: முதல் படத்துச் சண்டை ஏதோ நாட்டியம் மாதிரி, அடி, நிறுத்தம், அடி, நிறுத்தம்னு போகுது. இரண்டாவது தீப்பிடிச்ச மாதிரி இருக்கு. ஜாக்கி வளர்ந்துட்டாரா, இல்ல எடுத்த விதமா?

இரண்டும் உண்டு, ஆனால் பெரும்பங்கு எடுத்த விதம். 1978-இல் ஷாட்கள் நீளம். கேமரா தலை முதல் கால் வரை ஆளை முழுதாகக் காட்டும். ஒரே ஷாட்டில் பத்துப் பதினைந்து அசைவுகள் ஓடும். அப்படி எடுத்தால் இரு நடிகர்களும் வரிசையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், ஒருவர் அரைத் தாளம் தவறினாலும் முழு ஷாட்டும் வீண். அதனால்தான் மூன்று நான்கு அசைவுக்கு ஒரு முறை உடம்பை ஒரு நிலையில் நிறுத்துகிறார்கள். பார்ப்பவனுக்கு அது அழகு, ஆடுபவனுக்கு அடுத்த வரிசையை ஞாபகப்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி. ஜாக்கியும் யூவன் குடும்பமும் பீக்கிங் ஓபரா மரபில் வந்தவர்கள். நிறுத்தி முகம் காட்டுவது அந்த மேடைப் பழக்கம்.

1994-இல் ஷாட்கள் சின்னவை, கோணங்கள் நிறைய. ஒவ்வொரு அடியையும் அது நன்றாகத் தெரியும் கோணத்தில் தனித்தனியாக எடுத்துக் கோத்திருக்கிறார்கள். வேகத்துக்கு இன்னொரு காரணம், கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டும் பழைய ஹாங்காங் உத்தி. நொடிக்கு 22 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் சுமார் 9 விழுக்காடு வேகம் கூடும். கண்டுபிடிக்க ஆளைப் பார்க்காதீர்கள், சட்டைக் கை உதறுவதையும் தூசி இறங்குவதையும் பாருங்கள். அவை இயல்பை விடச் சட்டென்று நடந்தால் அங்கே உத்தி இருக்கிறது. கடைசிச் சண்டையில், ஜாக்கி குடித்த பிறகு வரும் பகுதியில் இது வெளிப்படையாகவே தெரியும். முதல் படத்திலும் வேகம் கூட்டிய இடங்கள் உண்டு, அளவு குறைவு.

வுஷூ மாணவி: எட்டு குடிகாரக் கடவுளர் யார் யார்? படம் பார்க்கும்போது வரிசை பிடிபடவில்லை.

சீனத் தாவோயிச மரபின் எட்டு அமரர்கள். முதல் படத்தில் குரு கற்றுக்கொடுக்கும் எட்டுப் பாணிகளும் இவர்கள் பெயரில்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு குணமும் ஒரு தாக்குதலும் கொடுத்திருக்கிறார்கள். லூ டோங்பின் உள்வலிமை. லீ டியெகுவாய் இரும்புக் கோல் ஊன்றும் நொண்டி, அதனால் ஒற்றைக் காலில் நின்று வலது காலால் உதை. ஹான் ஜோங்லி பானையை அணைத்த தொந்திக்காரர், இரு கையும் வளைத்து அணைத்த மாதிரி வந்தால் அவர்தான். லான் சாய்ஹே திடீர் இடுப்புத் தாக்கு. ஜாங் குவோலாவ் இரட்டை உதை. சாவ் குவோஜியூ தொண்டைப் பிடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைந்து குரல்வளையைத் தேடும். ஹான் சியாங்சி புல்லாங்குழல் வாசிப்பவர், மணிக்கட்டு வேலை. எட்டாவது ஹே சியான்கு, ஒரே பெண்.

அந்த எட்டாவதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. பெண் பாணி என்று இளக்காரமாக நினைத்து ஃபெய்-ஹுங் அதைக் கற்காமல் விட்டுவிடுவான். கடைசியில் ஏழும் தீர்ந்த பிறகு குரு எட்டாவதைப் போடச் சொல்வார். தெரியாது என்பான். அப்படியானால் எல்லாவற்றையும் கலந்து நீயே ஒன்றை உண்டாக்கு என்பார். முகத்துக்குப் பவுடர் பூசுவதும் கண்ணாடி பார்ப்பதுமாக அவன் ஆடும் அந்தப் பகுதி சிரிப்புக்காகத் தெரியும். ஆனால் படம் முழுக்க மனப்பாடம் செய்து அடித்தவன் முதல் தடவையாகச் சொந்தமாக அடிப்பது அங்கேதான். 1994 படத்தில் இந்த வரிசையே கிடையாது. பெயர் சொல்லி அடிக்கும் இடங்கள் ஓரிரண்டு வரும், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் இல்லை.

தலைகீழ்: பயிற்சிக் காட்சிகளில் செய்வதெல்லாம் நிஜமா?

ஜாக்கி செய்தது நிஜம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழே உள்ள தண்ணீரைச் சின்னக் கோப்பையில் மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து மேலே உள்ள வாளியில் ஊற்றும் காட்சியில் டூப் கிடையாது. அக்ரூட்டை விரலால் உடைப்பது பிடிவலுவுக்கு. வீட்டில் கட்டிலில் காலை மாட்டித் தொங்கிப் பார்க்காதீர்கள். கால் கட்டு நழுவினால் முதலில் தரையில் படுவது கழுத்து.

கிழவர் விஷயம் வேறு. அவருடைய குட்டிக்கரணங்களில் முகம் மறைந்தோ முதுகு திரும்பியோ இருந்தால் அது இளம் டூப். நரைமுடியும் தாடியும் அதற்கு வசதி.

காலடி: இரண்டு படத்திலும் கடைசி வில்லன் உதைக்கிறவன்தான். யார் பெரிய ஆள்?

உதையின் தரத்துக்கு ஹ்வாங் ஜாங்-லீ, சந்தேகமே வேண்டாம். கொரியர், டேக்வாண்டோ. அதே 1978-இல் அதே குழு எடுத்த ‘ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷாடோ’விலும் வில்லன் அவர்தான். அவர் உதையில் காலின் உயரத்தைப் பார்க்காதீர்கள், ஊன்றிய காலைப் பாருங்கள். பாதம் திரும்புகிறதே தவிர இடம் மாறவில்லை. காலைக் கீழே வைத்த கையோடு அடுத்ததை எடுப்பார், எடை மாறுவதே தெரியாது.

1994-இன் கென் லோ வேறு ரகம். ஒரு காலில் நின்றபடி மற்றக் காலைக் கீழே வைக்காமலே மேல், நடு, மேல் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஜாக்கியின் சண்டைக் குழுவிலேயே இருந்தவர் என்பதால் ஒருவர் தாளம் ஒருவருக்கு அத்துப்படி. பக்கத்தில் நின்று முகத்துக்கு நேராக வீசும் உதைகளை அந்த நெருக்கத்தில் எடுக்க முடிந்ததற்கு அதுவே காரணம்.

ஜாக்கி கொடுக்கும் பதிலும் மாறுகிறது. 1978-இல் உதைக்குள் புகுந்து காலைப் பிடிப்பான், எதிரி காலால் ஆகாது என்று கைவித்தைக்கு மாறுவான். சதுரங்கம் மாதிரி ஒரு முறைக்கு ஒரு எதிர்முறை. 1994-இல் ஃபெய்-ஹுங் முதல் பாதி முழுக்க அடிதான் வாங்குகிறான். எதிர்முறையே கிடையாது. உதை பட்டும் உறைக்காத உடம்பு தேவைப்படுகிறது, அதற்குத்தான் சாராயம் வருகிறது. சண்டையாகப் பார்த்தால் முதலாவது புத்திசாலித்தனம், இரண்டாவது சகிப்பு. எரியும் கரிப்படுகை மேல் ஜாக்கி விழுந்து பின்னால் நகர்வது உண்மையான நெருப்பு.

என் ஓட்டு? கடைசிச் சண்டைக்கு 1994. கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் மற்றபடி எனக்கு 1978-தான்.

மாடிவீட்டு விசிஆர்: 1994 படத்தை இயக்கியது லாவ் கர்-லியுங்னு போட்டிருக்கு, ஜாக்கிதான் எடுத்தார்னும் சொல்றாங்க. எது சரி சார்?

இயக்குநர் பெயர் லாவ் கர்-லியுங்குக்கு. சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை, கடைசிச் சண்டையை ஜாக்கி தன் குழுவோடு எடுத்தார். லாவ் சாதாரண ஆள் இல்லை. அவர் அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங் நிஜ வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். அந்த வழியில் வந்தவருக்கு முறை சுத்தமாக இருக்க வேண்டும். ஜாக்கிக்குப் பார்ப்பவன் நாற்காலியில் துள்ள வேண்டும்.

படத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் ரயில் பெட்டிக்கு அடியில் ஈட்டியும் வாளுமாக நடக்கும் சண்டையில் ஜாக்கிக்கு எதிரே இருப்பவரே லாவ்தான். முறைகள் நீளமாக, தெளிவாக வரும், ஆயுதம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தப்பாது. தேநீர்க்கடையில் கோடரிக் கும்பலோடு மோதும்போது பெஞ்சு, பிளந்த மூங்கில் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆயுதமாகும். அங்கே இரண்டு பாணியும் கலந்து நிற்கிறது, படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. கடைசியில் இரும்பாலைச் சண்டை முழுக்க ஜாக்கி பாணி. அவ்வருடச் சண்டை அமைப்புக்கான ஹாங்காங் திரைப்பட விருதும் இந்தப் படத்துக்குத்தான்.

அரைபோதை: குடித்தால் சண்டை வரும் என்பதைப் படம் கொண்டாடுகிறதா?

1978 கொண்டாடுகிறது, மறைக்கவே இல்லை. குருவுக்குக் குடி இல்லாவிட்டால் கை நடுங்கும். பையன் மதுவில் தண்ணீர் கலந்து கொடுத்துவிட, கிழவர் கோல் வீரனிடம் தோற்று அவமானப்படுவார். நிதானமாக இருந்தால் தோல்வி, போதையில் வெற்றி. வேடிக்கைதான், ஆனால் கணக்கு அதுதான்.

1994 அதைத் திருப்பிப் போடுகிறது. அப்பா குடிகாரக் குத்தையே தடைசெய்திருக்கிறார். படகைச் சுமக்கும் தண்ணீர்தான் அதைக் கவிழ்க்கவும் செய்யும் என்கிறார். மகன் கேட்காமல் அளவு மீறிக் குடித்து, அடி வாங்கி, துணி உருவப்பட்டு ஊர் நடுவே தொங்கவிடப்படுகிறான். கடைசிச் சண்டையில் அவன் குடிப்பது மதுவே இல்லை, ஆலையில் தொழிலுக்கு வைத்திருக்கும் எரிசாராயம். மரக்காணமும் கள்ளக்குறிச்சியும் படித்த நமக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண் நரம்பைத் தாக்கும்.

இங்கேதான் எந்தப் பிரதி என்பது முக்கியமாகிறது. ஹாங்காங் வடிவத்தில் சண்டைக்குப் பிறகு ஒரு குட்டிக் காட்சி உண்டு. பாராட்டுப் பலகை கொடுக்க அதிகாரி வருகிறார், ஃபெய்-ஹுங்கைக் கேட்கிறார், அவன் கண் தெரியாமல் புத்தி கலங்கியவனாக வெளியே வருகிறான். அதைச் சிரிப்பாகவே எடுத்திருக்கிறார்கள். 2000-இன் அமெரிக்க வடிவம் அதை வெட்டிவிட்டு வெற்றியோடு முடித்துக்கொண்டது. ஊனத்தைக் கேலி செய்கிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் வெட்டியதால் அப்பாவின் எச்சரிக்கை அந்தரத்தில் நின்றுபோய், மெத்தனால் குடித்தவன் ஜெயித்துவிட்டுப் போன படமாகிவிட்டது. கூசினாலும் முழு வடிவத்தையே பாருங்கள்.

மருமகள்: அம்மாவாக வரும் அனிதா முய் ஜாக்கியை விட இளையவர் மாதிரி இருக்கிறாரே?

ஒன்பது வயது இளையவர். ஜாக்கி 1954, அனிதா 1963. சித்தி வேடம் என்பதால் தப்பித்தார்கள். அப்பாவாக வரும் டி லுங் ஜாக்கியை விட எட்டு வயதுதான் மூத்தவர். முதல் படத்தில் 24 வயது ஜாக்கி துடுக்குப் பையனாக நம்பும்படி இருந்தார். 1994-இல் நாற்பதைத் தொடும் ஆள் அப்பாவுக்குப் பயந்து ஒளிகிறார். அந்தப் பொருத்தமின்மையை மறக்கடிப்பதே அனிதாதான். மாஜோங் சூதாட்டம், பொய்க் கர்ப்பம், கணவன் முகம் திரும்பிய நொடியில் மாறும் குரல். நகைச்சுவையில் இரண்டாவது படம் முதலாவதை மிஞ்சும் ஒரே இடம் இந்தச் சித்திதான். அவர் திரையில் இல்லாதபோது தூதரகம், கடத்தல், முத்திரைக் கதை கொஞ்சம் இழுக்கும்.

வரலாறு முக்கியம்: வோங் ஃபெய்-ஹுங் நிஜ மனிதரா?

ஆமாம். ஃபோஷான் வட்டாரத்தவர், குத்துக்கலை ஆசான், எலும்பு வைத்தியர், 1847-இல் பிறந்தவர். அப்பாவும், முதல் படத்தில் குருவாக வரும் பிச்சைக்கார சோவும் ‘காண்டனின் பத்துப் புலிகள்’ பட்டியலில் உள்ளவர்கள். 1949 முதல் குவான் தக்-ஹிங் இவரை எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் கண்ணியமான பெரியவராகவே நடித்துவந்தார். அப்படிப்பட்டவரைச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காத பயலாகக் காட்டியதுதான் 1978-இன் துணிச்சல். அவர் குடிகாரக் குத்து ஆடியதெல்லாம் சினிமா.

வுஷூ மாணவி: நிஜக் குடிகாரக் குத்துக்கு மது வேண்டுமா?

வேண்டாம், கூடாது. அது தள்ளாட்டத்தை நடிக்கும் முறை. சமநிலை மிக நன்றாக இருப்பவனால்தான் அதை நடிக்க முடியும். விழுவது, உருள்வது, இடுப்பைத் தளர்த்துவது இதெல்லாம் அடிப்படை ஒழுங்கான பிறகு. நேரடியாக இதில் தொடங்கினால் முழங்காலும் மணிக்கட்டும் போகும்.

இருபிள்ளை அம்மா: எட்டு வயதுப் பையனுக்கு எதைக் காட்டலாம்? ஆங்கிலக் குரலா, சீனமா?

முதல் படம். கேலி கொஞ்சம் முரடு, ரத்தம் குறைவு. காண்டனீஸ் ஒலியும் திரைக்கு அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தும் நல்லது. பழைய வட்டுகள் சிலவற்றில் காண்டனீஸ் ஒலி முழுதாகக் கிடைக்காமல் நடுநடுவே ஆங்கிலத்துக்குத் தாவும், உங்கள் கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். எழுத்துப் படிக்க அவனுக்குச் சிரமம் என்றால் ஆங்கிலக் குரலில் போடுங்கள், நாயகன் பெயர் ஃப்ரெடி வோங் என்று வரும், பரவாயில்லை. இரண்டாவதை அவனுக்குப் பன்னிரண்டு ஆகட்டும்.

ரீல்பெட்டி: வசூலில் எது பெரிசு அண்ணா?

முதலாவது ஹாங்காங்கில் 67 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல், இரண்டாவது 4 கோடிக்கு மேல். நடுவில் பதினாறு வருடம், டிக்கெட் விலையும் ஏறியிருக்கிறது. நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.