டீலர் ‘தாராளமாக இழுக்கும்’ என்றார், கார் இழுக்காது: கேரவனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். நான், மனைவி, நான்கு பிள்ளைகள், மாமியார் என ஏழு பேர். ஏழு சீட் கார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு டீலரிடம் ஆறு பேர் படுக்கும் பழைய கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்றை 14,500 பவுண்டுக்கு வாங்கினேன். முன்பணம் 500 கிரெடிட் கார்டில், மீதி வங்கி வழியாக. என்ன கார், எத்தனை பேர் என்று மெயிலில் எழுதிக் கேட்டதற்கு “தாராளமாக இழுக்கும்” என்று பதில் போட்டார். அவர்களே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பார்த்தால் என் கார் 1,500 கிலோதான் இழுக்கலாம், கேரவன் காலியாகவே 1,580 கிலோ. “கேரவனில் பழுது இல்லை, ரீஃபண்ட் கிடையாது, கொண்டுவாருங்கள், வேறு பார்க்கலாம்” என்கிறார். என்ன செய்வது? காரில் இடம் நெருக்கடி. மாமியாரைக் கேரவனில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாமா?

பதில்: உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது, ஆனால் நாள் குறைவு. இன்றே எழுதுங்கள்.

பழுது இல்லை என்பது டீலருக்குப் போதுமான பதில் அல்ல. நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015, பிரிவு 10 இதற்கென்றே இருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் காரையும் ஆட்களையும் சொன்னீர்கள், அவர் சரி என்றார். அந்த மெயில்தான் உங்கள் வழக்கு, அழித்துவிடாதீர்கள். ரசீதில் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சிட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது.

பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நிராகரித்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். “கேரவனை நிராகரிக்கிறேன், ஒப்பந்தம் முடிந்தது, பணத்தைத் திருப்பித் தாருங்கள், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தெளிவாக எழுதுங்கள். ‘திருப்தி இல்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. காரிலும் கேரவனிலும் எடை வரம்பு பொறித்திருக்கும் தகடுகள் இரண்டையும் படமெடுத்துச் சேருங்கள். அதன் பிறகு கேரவனில் ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டாம்.

‘கொண்டுவாருங்கள்’ என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வரம்பை மீறிச் சாலையில் இழுத்தால் குற்றம் ஓட்டுபவர் மேல்தான் விழும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். திருப்பி எடுத்துப்போக ஆகும் நியாயமான செலவை விற்றவர் ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

டீலர் அசையவில்லையா? கிரெடிட் கார்டில் 500 பவுண்டு கட்டியது நல்லதாகப் போயிற்று. நுகர்வோர் கடன் சட்டம் 1974, பிரிவு 75: பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000-க்குள் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் டீலரோடு சேர்ந்து பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது. கார்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு எழுதுங்கள். எட்டு வாரத்தில் அவர்கள் முடிவு சொல்லவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், நிதி நிறுவனங்கள் மேலான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். கோர்ட்டுக்குப் போனால், உங்கள் தொகை 10,000 பவுண்டைத் தாண்டுவதால் சிறு தொகைகளுக்கான எளிய வழக்கு முறையில் வராது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம். அதனால் கோர்ட்டுக்கு முன் கார்டு நிறுவனத்தின் வழியைத்தான் பிடிக்கச் சொல்வேன்.

‘உங்கள் லைசென்ஸில் 3,500 கிலோ வரை இழுக்கலாமே’ என்றும் டீலர் வாதாடக்கூடும். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸுக்கு அந்த அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் அது ஓட்டுநருக்கு உள்ள வரம்பு. காருக்கு உள்ள வரம்பு வேறு.

மாமியார் விஷயம்: கூடாது. ஓடும் கேரவனில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தடை, உயிருக்கும் ஆபத்து. ஏழு பேரும் காரில் பெல்ட்டோடுதான் போக வேண்டும்.

அடுத்த கேரவன் பார்க்கும்போது, காரின் எடைத் தகட்டில் இரண்டாவது எண்ணிலிருந்து (காரும் அது இழுப்பதும் சேர்ந்த அதிகபட்ச எடை) முதல் எண்ணை (கார் மட்டும் முழுப் பாரத்தோடு) கழியுங்கள். ஏழு பேரோடு கார் முழுப் பாரத்தில் போகும்போது இழுக்கக்கூடிய எடை அதுதான். கேரவன் கதவருகே எழுதியிருக்கும் அதிகபட்ச எடை அதற்குள் அடங்க வேண்டும். காலி எடைக்கும் அதிகபட்ச எடைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாத்திரம், துணி, கூடாரம் எல்லாம் ஏறும். பல கேரவன்களில் அது 150 கிலோ அளவுதான், ஏழு பேருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆறு படுக்கைதான் கிடைக்கிறது என்றால், பக்கத்தில் கட்டும் கூடாரத்தில் ஒருவர் படுக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த முறையும் கார் நம்பரோடு மெயிலிலேயே கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.